சூடும் சத்தமும்: நல்லம்பள்ளி மேஜைக் கணினிகளை முன்வைத்து

தொப்பூர் கணவாய் ஏறி வரும் தேசிய நெடுஞ்சாலை 44, தருமபுரியை அடையும் முன் நல்லம்பள்ளியைக் கடக்கிறது. ஒரு தாலுகா தலைமையிடத்தில் எந்தெந்தக் கணினிகள் இருக்குமோ அவை இங்கும் உண்டு. பட்டா நகலும் வருமானச் சான்றும் எடுத்துத் தரும் இ-சேவை மையம், பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடை, கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோ, பிள்ளைகள் டேலி பழகும் பயிற்சி மையம், பள்ளிக்கூட லேப். இவற்றில் ஏசி உள்ள அறைகள் குறைவு. ஷீட் கூரைக்கு அடியிலோ, வெயில் இறங்கும் மொட்டை மாடித் தளத்துக்கு அடியிலோதான் பல கணினிகள் வருடம் முழுக்க ஓடுகின்றன. சித்திரை பிறந்ததும் அவை இரையத் தொடங்கும். "ஃபேன் போயிடுச்சாங்க?" என்று கேட்டால், "மாத்திடலாம் சார்" என்று பதில் வரும். புது ஃபேன் போட்ட ஒரு வாரத்தில் அதே இரைச்சல் திரும்பிவிடும்.

ஃபேன் இங்கே குற்றவாளி இல்லை. பிராசஸர் வாங்கிக்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியேற வேண்டும். 65 வாட் உள்ளே போனால் 65 வாட் சூடு வெளியே வந்தாக வேண்டும். அந்தச் சூட்டைச் சுமந்து போகும் காற்றின் ஒலியைத்தான் நாம் ஃபேன் சத்தம் என்கிறோம். ஆகவே சத்தத்தைக் குறைக்க விரும்புகிறவர் முதலில் சூடு பிறக்கும் இடத்தில் கை வைக்க வேண்டும். அடுத்து அது கடந்து வரும் வழியைப் பார்க்க வேண்டும். ஃபேன் அதற்குப் பிறகுதான். நம் ஊர்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது என்பதே என் முக்கியமான குறை.

கணினிக்கும் சூட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1973இல் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155 போன்ற இயந்திரங்கள் குளிரூட்டிய தனி அறையில் வைத்துப் பாதுகாக்கப்பட்டவை. மேஜைக் கணினி வந்தபோது அந்தக் கவலை தீர்ந்ததாகத் தோன்றியது. தொடக்க கால 486 பிராசஸர்கள் பலவற்றுக்குத் தனி ஃபேன் கிடையாது. 1993இல், புனேயில் பிறந்த வினோத் தாம் முன்னின்று உருவாக்கிய பென்டியம் வந்தது. அதன் 66 மெகாஹெர்ட்ஸ் வகை அதிகபட்சம் 16 வாட் எடுத்தது. அதற்கே ஹீட் சிங்கும் ஃபேனும் வேண்டியிருந்தன.

அடுத்த பத்து ஆண்டுகளில் அந்த 16 வாட் 100ஐத் தாண்டியது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் வோல்டேஜையும் குறைக்கலாம், அதனால் ஒரே பரப்பில் பிறக்கும் சூடு கூடாது என்று ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டும் சகாக்களும் 1974இல் காட்டியிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் தொழில் அந்த விதியை நம்பி வளர்ந்தது. 2000க்குப் பின் வோல்டேஜ் அதற்கு மேல் இறங்க மறுத்தது, கசிவு மின்சாரம் கூடியது. 2004இல் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4 அதன் விளைவு. வேகம் கூடிய வகைகளில் 115 வாட் வரை போனது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கொண்டுவரும் திட்டத்தை இன்டெல் அந்த ஆண்டே கைவிட்டது. 2006இல் கோர் 2 டுவோ 65 வாட்டில் அதைவிட நன்றாக வேலை செய்து காட்டியபோது, வேகமும் சூடும் சேர்ந்தேதான் வளர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது புரிந்தது.

அந்தப் பாடம் நிலைக்கவில்லை. 2022இல் வந்த இன்டெல் கோர் ஐ9-13900கே உச்சத்தில் 253 வாட் வரை எடுக்க அனுமதி பெற்றது. அதே ஆண்டின் ஏஎம்டி ரைசன் 7000 வரிசையின் மேல்தட்டு பிராசஸர்கள், பெரிய வேலை வந்தால் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டன. 2024இல் இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில நிலைகுலைந்தன. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதே காரணம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. ஆலை அமைப்பில் வருவதுதான் சரியான அமைப்பு என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டாம். ஒப்பீட்டு அட்டவணையில் இரண்டு மூன்று சதவீதம் முந்துவதற்காகத் தரப்படும் வோல்டேஜ் அது. ரேஷன் கார்டு விண்ணப்பம் ஏற்றுகிறவருக்கு அந்தச் சதவீதத்தால் ஒரு பயனும் இல்லை.

சூடு பிறக்கும் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. பிராசஸர் இயங்கும்போது எடுக்கும் மின்சாரம், அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். 1.3 வோல்ட்டில் 4.4 கிகாஹெர்ட்ஸ் ஓடும் ஒரு பிராசஸரை 1.1 வோல்ட்டில் 4 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் வேகம் 9 சதவீதம் குறைகிறது. இந்த மின்செலவோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் மிக அதிக விலை கொடுக்கிறோம். அந்த விலையை முதலில் கட்டுவது மின்கட்டணத்தில், அடுத்து காதில்.

நல்லம்பள்ளியின் வெயில் இங்கே கணக்கில் சேர வேண்டும். ஒரு கூலரை மதிப்பிட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி உள்ள அறையில் சோதிக்கிறார்கள். சுமார் 140 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூரில் அந்த முடிவுகள் வருடத்தில் பல மாதம் பொருந்தலாம். நல்லம்பள்ளி இருக்கும் பாராமகால் சமவெளியில் பொருந்தாது. ஒரு சாதாரண கூலர், வாட்டுக்கு 0.4 டிகிரி வீதம் வெப்பநிலையை உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 65 வாட்டுக்கு 26 டிகிரி. அறை 25 டிகிரியாக இருந்தால் பிராசஸர் 51இல் நிற்கும். கோடையில் அறை 38, கேபினெட்டின் உட்காற்று 45 என்றால் அதே பிராசஸர் 71. அதையே 120 வாட் எடுக்கவிட்டால் 93. கூலர் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. 100 டிகிரியை நெருங்கும்போது பல இன்டெல் பிராசஸர்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் முழு வேகத்தில் அலறும், வேலையும் மெதுவாகும். "சிஸ்டம் ஹேங் ஆகுது" என்று சொல்லப்படும் பல சம்பவங்களின் உள்கதை இதுதான்.

ஊரில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, எதிரே டேபிள் ஃபேன் வைப்பது. இதை முட்டாள்தனம் என்று தள்ள மாட்டேன். காற்றோட்டம் கெட்ட மலிவு கேபினெட்டில் கதவைக் கழற்றினால் சூடு உண்மையிலேயே சில டிகிரி இறங்கும். கோளாறைக் கண்டுபிடிக்கும் சோதனையாகவும் அது உதவும். கதவைக் கழற்றியதும் சூடு சட்டென்று இறங்கினால் குறை கேபினெட் காற்றோட்டத்தில் இருக்கிறது. இறங்காவிட்டால் குறை கூலரிலோ அதன் அடியில் பூசும் தெர்மல் பேஸ்டிலோ இருக்கிறது. நிரந்தர ஏற்பாடாக மட்டும் இது கூடாது. நெடுஞ்சாலை ஓரக் கடையில் லாரிகள் கிளப்பும் புழுதி நேராக மதர்போர்டில் படியும். பல்லியும் கரப்பானும் உள்ளே போகும். எலி வயரைக் கடிக்கும்.

புழுதியைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் பாதிப் பிரச்சினை அதுதான். பிராசஸருடன் பெட்டியில் வரும் சின்ன கூலரில் ஃபேன் மேலிருந்து கீழே காற்றை அழுத்துகிறது. ஃபேனுக்குக் கீழே, அலுமினியத் தகடுகளின் மேல் விளிம்பில் புழுதி திரண்டு கம்பளி போல ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். ப்ளோயர் அடிப்பவர்கள் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் அது கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் கெடும். கடைக்கு வெளியே கொண்டுபோய் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே புழுதி மறுநாளே உள்ளே வரும். சாலையைப் பார்த்த கடைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உள்தெருவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது நியாயமான கணக்கு.

அடுத்தது கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது. 2004இல் வந்த எல்ஜிஏ 775 காலத்திலிருந்து இன்டெல் கூலர்கள் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளால் போர்டில் பூட்டப்படுகின்றன. குறுக்கு மூலைகளாக, ஒன்றுக்கு எதிர் ஒன்றாக அழுத்திச் 'சொடக்' என்று பூட்டவேண்டும். ஓர் ஊசி பூட்டாமல் விட்டால் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அந்த மயிரிழை இடைவெளியில் காற்று நிற்கும். காற்று சூட்டைக் கடத்தும் திறன் செம்பைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. சரியாகப் பூட்டிய பின்பும் மிஞ்சும் நுண்ணிய இடைவெளியை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். பழைய கம்ப்யூட்டரில் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். அதைத் துடைத்துப் புதிதாக வைத்தாலே பல சமயம் பத்து டிகிரி வரை இறங்கிவிடும். ஏஎம்4 சாக்கெட் உள்ள ரைசன் கம்ப்யூட்டரில் கூலரை வெடுக்கென்று மேலே இழுக்கக் கூடாது. காய்ந்த பேஸ்ட் பிராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அடியில் உள்ள ஊசிகள் வளையும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடு ஏறியபின் அணைத்து, மெல்லத் திருகியபடி எடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகுதான் ஃபேன். ஃபேனின் இயல்பு நமக்குச் சாதகமானது. சுழற்சி பாதியானால் காற்றும் பாதியாகும். ஒலியோ ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். 2400 சுற்றில் அலறும் ஃபேன் 1200இல் மூன்றில் ஒரு பங்காகக் கேட்கும் என்று சொல்லலாம். பெரிய ஃபேன் மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தள்ளிவிடும் என்பதால்தான் 80 மில்லிமீட்டருக்குப் பதில் 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கு மதிப்பு.

ஆனால் மாறாத சத்தத்தைவிட ஏறி ஏறி இறங்கும் சத்தம்தான் மனிதரை அதிகம் அலைக்கழிக்கிறது. ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தவுடன் இன்றைய பிராசஸர் டர்போ வேகத்துக்குத் தாவும். ஒரு நொடிக்குள் சிப் 20 டிகிரி ஏறும். மேலே உள்ள உலோகம் இன்னும் குளிர்ந்தே இருக்கும். பக்கம் வந்துவிட்டால் சிப் மறுபடி இறங்கிவிடும். உண்மையில் அங்கே ஃபேனுக்கு வேலையே இல்லை. சிப்பின் சூட்டை மட்டும் பார்த்து ஓடும் ஃபேன் அதற்குள் ஒருமுறை கத்தி ஓய்ந்திருக்கும். மருந்து பயாஸில் இருக்கிறது. கிகாபைட் போர்டில் ஸ்மார்ட் ஃபேன், ஆசுஸ் போர்டில் க்யூ-ஃபேன் என்று பெயர் இருக்கும். ஏறுவதற்கான தாமதத்தைச் சில நொடிகள் கூட்டி வைத்தால் அந்தத் திடீர் அலறல் நின்றுவிடும். எந்தச் சூட்டுக்கு ஃபேன் எந்த வேகம் என்ற வளைகோட்டையும் நம் ஊர் வெயிலுக்கேற்ப வரைந்துகொள்ளலாம். 60 டிகிரி வரை மெல்லிய வேகம், 80இல் முக்கால் வேகம், 90இல் முழு வேகம் என்பது என் பரிந்துரை. 75 டிகிரி கண்டு பயப்பட வேண்டியதில்லை. அங்கே ஃபேனை அலறவிட்டுப் பெறும் ஐந்து டிகிரியால் பிராசஸரின் ஆயுளில் நாம் காணக்கூடிய மாற்றம் வராது.

பலர் கவனிக்காத இன்னொன்று, மூன்று ஊசி ஃபேன். நான்கு ஊசி ஃபேன் நான்காவது கம்பி வழியே வரும் 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்பைக் கேட்டு வேகத்தை மாற்றிக்கொள்ளும். மூன்று ஊசி ஃபேனுக்கு வோல்டேஜைத்தான் குறைக்க வேண்டும். பயாஸில் டிசி முறைக்கு மாற்றாமல் விட்டால் அது எந்நேரமும் 12 வோல்ட்டில் முழு வேகத்தில் ஓடும். அந்த ஒற்றை அமைப்பை மாற்றினாலே பல கடைகளில் அமைதி வந்துவிடும்.

இப்போது பவர் செட்டிங். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் திறந்து, 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' என்பதை 100இலிருந்து 99 ஆக்கு, டர்போ நின்றுவிடும், சூடு இறங்கும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பழைய கம்ப்யூட்டருக்கு அது நல்ல யோசனை. கடைகளில் இன்னும் உழைக்கும் மூன்றாம் தலைமுறை ஐ5-3470இன் அடிப்படை வேகம் 3.2, டர்போ 3.6 கிகாஹெர்ட்ஸ். இழப்பது கொஞ்சம், பெறுவது அதிகம். அதே யோசனையைப் பன்னிரண்டாம் தலைமுறை ஐ5-12400இல் செய்தால் 4.4இலிருந்து 2.5க்கு விழும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியும் பழையதைவிட மந்தமாக இருக்கிறது என்று வாங்கியவர் நொந்துபோவார். இன்றைய பிராசஸர்களுக்கு அடிப்படை வேகம் ஒரு தரைமட்டம் மட்டுமே. அவை டர்போவில் வாழும்படி செய்யப்பட்டவை.

அதனால் புதிய கம்ப்யூட்டருக்கு வாட் வரம்பு வைப்பதே சரி. இன்டெல்லில் பிஎல்1, பிஎல்2 என இரண்டு வரம்புகள் உண்டு. முதலாவது நீண்ட நேரத்துக்கு, இரண்டாவது சிறிது நேரத் தாவலுக்கு. ஐ5-12400க்கு இன்டெல் குறித்த அளவுகள் 65, 117 வாட். பல மதர்போர்டுகள் இந்த வரம்பைத் தாமாகவே தளர்த்திவிடுகின்றன. பயாஸில் போய் 65, 90 என்று வைத்தால் அலுவலக வேலைக்கு வித்தியாசமே தெரியாது. நீண்ட வீடியோ ரெண்டரிங்கில் மட்டும் கொஞ்சம் தாமதமாகும். ரைசனில் ஈகோ மோட் இதே காரியத்தை ஒரே தேர்வில் செய்கிறது. வோல்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்டிங் இன்னும் சிக்கனமானது, ஆனால் பொறுமையும் சோதனையும் வேண்டும். 2019இல் வெளிப்பட்ட பிளண்டர்வோல்ட் பாதுகாப்புக் குறைக்குப் பிறகு பல போர்டுகளில் அந்த வசதி பூட்டப்பட்டுவிட்டது. வாடிக்கையாளரின் ஆவணங்களைக் கையாளும் மையத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வாட் வரம்பு போதும். பாஸ் லினக்ஸோ உபுண்டுவோ ஓட்டுகிறவர்கள், இன்டெல் பிராசஸரில் 'பவர்சேவ்' என்று இருப்பதைக் கண்டு வேகம் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். அங்கே அது தேவைக்கேற்ப ஏறி இறங்கும் முறைதான்.

மின்கட்டணத்தில் இதனால் பெரிய லாபம் வரும் என்று ஆசை காட்ட மாட்டேன். சராசரியாக 40 வாட் குறைந்தால், நாளைக்குப் பத்து மணி நேரம் என்ற கணக்கில் இரண்டு மாதப் பில்லில் 24 யூனிட். வீட்டுக்கு உள்ள 100 இலவச யூனிட் கடைக்குக் கிடையாது என்பதால் அதுவும் ஓரளவு முக்கியம்தான். பெரிய லாபம் யுபிஎஸ்ஸில் இருக்கிறது. 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். தாளில் 84 வாட்-மணி. வேகமாக உறிஞ்சினால் அதில் பாதிகூடக் கைக்கு வராது. சுமையைப் பாதியாக்கினால் தாங்கும் நேரம் இரட்டிப்புக்கும் மேலாகும். விண்ணப்பம் பாதியில் நிற்கும்போது கரண்ட் போனால், அந்தக் கூடுதல் சில நிமிடங்களில் பணம் கட்டிய ரசீதாவது கையில் வரும். லோ வோல்டேஜ் நாட்களுக்கும் இது பொருந்தும். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால் அதே வேலைக்கு எஸ்எம்பிஎஸ் கால் பங்குக்கு மேல் கூடுதல் கரண்ட் இழுக்கும், தானும் சூடாகும், அதன் ஃபேனும் இரையும்.

அதனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்டறிய வேண்டும். ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்து ஒவ்வொரு பக்கமாகக் கேட்டாலே தெரிந்துவிடும். காலையில் போட்டவுடன் கரகரத்து, பத்து நிமிடத்தில் அடங்கினால் அது தேய்ந்த பேரிங். அப்போது ஃபேனை மாற்றுவதே சரி. தாழ்ந்த குரலில் ஓயாமல் உறுமினால் பழைய ஹார்ட் டிஸ்க், நிமிடத்துக்கு 7200 சுற்று. எஸ்எஸ்டி போட்டால் அந்த உறுமல் அடியோடு போகும். கேபினெட்டை மேஜையின் மூடிய மர அறைக்குள் தள்ளி வைத்திருந்தால், வேறு எதையும் தொடும் முன் அதை வெளியே எடுங்கள்.

தண்ணீர்க் கூலர்களைப் பற்றி ஒரே வரி: 65 வாட் பிராசஸருக்கு இந்த ஊரில் அது தேவையில்லை.

பள்ளி லேப்பில் இந்த விஷயம் வேறு அளவை எடுக்கிறது. ஒரே அளவு சத்தம் போடும் இருபது கணினிகள் சேர்ந்தால், ஒன்றின் சத்தத்தோடு 13 டெசிபல் கூடும். தனியாக 35 டெசிபலில் கேட்கும் கணினி, லேப்பில் 48 டெசிபல் பின்னணியாகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கல்வி நிலையங்களைச் சுற்றியுள்ள அமைதி மண்டலத்துக்குப் பகலில் 50 டெசிபலை எல்லையாக வைக்கின்றன. அந்த விதி தெருவுக்காக எழுதப்பட்டது, ஆனால் காது ஒன்றுதான். ஆசிரியர் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. கடைசி வரிசைப் பிள்ளைக்குப் பாதிதான் கேட்கிறது. ஒவ்வொன்றும் 100 வாட் எடுத்தால் அறைக்குள் 2 கிலோவாட் சூடு. இரண்டு ஹீட்டரை ஏற்றிவைத்த அறையில் சித்திரை மாதம் பாடம் நடக்கிறது.

இந்தக் கணினிகளை விற்கிறவர்களிடமும் வாங்குகிறவர்களிடமும் என் வேண்டுகோள் இதுதான். சர்வீஸ் செய்கிறவர்கள், கம்ப்யூட்டரை ஒப்படைக்கும் முன் வாட் வரம்பையும் ஃபேன் வளைகோட்டையும் அமைத்து, அவற்றைப் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். பத்து நிமிட வேலை அது. பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மொத்தமாக வாங்குகிறவர்கள், ரேம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஐஎஸ்ஓ 9296 முறைப்படி அறிவிக்கப்பட்ட ஒலி அளவையும், சும்மா இருக்கும்போதும் முழு வேலையிலும் எடுக்கும் வாட்டையும் கொள்முதல் ஆணையிலேயே கேளுங்கள். 40 டிகிரி அறையில் ஒரு மணி நேரம் முழு வேலை கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.